மூக்குச் சதையை எடுத்தாலும் திரும்ப வளர்வது ஏன்? ஒரே டாக்டர் போதாத நோய் இது!

"மூக்குல சதை வளர்ந்திருக்கு. ஆபரேஷன் பண்ணிட்டா சரியாகிடும்." இதை நம்பி அறுவை சிகிச்சை செய்துகொண்டு, ஓரிரு ஆண்டுகளில் அதே மூக்கடைப்போடு மறுபடியும் இ.என்.டி. கிளினிக்கில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய பேர். "போன தடவை சரியா எடுக்கலையோ?" என்று சந்தேகம் வரும். டாக்டரை மாற்றுவார்கள். மறுபடி ஸ்கேன், மறுபடி மாத்திரை, மறுபடி ஆபரேஷன்.

பெரும்பாலும் தவறு ஆபரேஷனில் இல்லை. மூக்குச் சதை என்பது மூக்கில் தெரிகிற ஓர் அறிகுறிதான். அதை வளர்க்கும் அழற்சி பல நேரங்களில் நுரையீரல் வரை பரவியிருக்கும். வெளியே தெரிகிற சதையை மட்டும் எடுத்துவிட்டு அழற்சியை அப்படியே விட்டால் அது திரும்ப வளரத்தான் செய்யும். அதனால்தான் இ.என்.டி. மருத்துவரோடு நுரையீரல் நிபுணர், அலர்ஜி நிபுணர், சில நேரம் பல் மருத்துவர், கண் மருத்துவர் என்று பலர் சேர்ந்து பார்க்க வேண்டிய நோயாக இது இன்று கருதப்படுகிறது.

மூக்குச் சதை என்றால் என்ன?

மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளுக்குள் 4 ஜோடி காற்றறைகள் இருக்கின்றன. இவைதான் சைனஸ். இவற்றின் உள்பக்கம் ஈரமான மெல்லிய சவ்வு மூடியிருக்கும். இந்தச் சவ்வு மாதக்கணக்கில் வீங்கியே இருந்தால் நீர் கோத்து, உரித்த திராட்சைப் பழம் போல மூக்குக்குள் தொங்க ஆரம்பிக்கும். இதுதான் பாலிப். தொட்டால் வலிக்காது. இது புற்றுநோய் அல்ல. பெரும்பாலும் நடுத்தர வயதில், மூக்கின் இரண்டு பக்கமும் வரும். உலக அளவில் 100 பேரில் 1 முதல் 4 பேர் வரை இது இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். நம் ஊரில் ‘மூக்குச் சதை’ என்று சொல்லப்படுவதெல்லாம் பாலிப் இல்லை. மூக்குக்குள் எல்லோருக்கும் இயல்பாகவே இருக்கும் டர்பினேட் என்ற மடிப்பு, அலர்ஜியால் வீங்கினாலும் சதை போலத்தான் தெரியும். குழந்தைகளுக்கு மூக்கின் பின்புறம் இருக்கும் அடினாய்டு வீங்கினாலும் ‘சதை வளர்ச்சி’ என்றே சொல்வார்கள். மூன்றுக்கும் சிகிச்சை வேறு. டாக்டர் ‘சதை’ என்று சொன்னால், "பாலிப்பா, டர்பினேட்டா, அடினாய்டா?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

சாதாரண சளி இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நான்கு அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும்: மூக்கடைப்பு, மூக்கு ஒழுகுவது அல்லது சளி தொண்டைக்குள் இறங்குவது, முகத்தில் பாரம், வாசனை தெரியாமல் போவது. இவை 12 வாரங்களுக்கு மேல் விடாமல் இருந்தால் நாள்பட்ட சைனஸ் அழற்சி என்று சந்தேகிக்க வேண்டும். பாலிப் இருக்கிறதா என்பதை மூக்குக்குள் மெல்லிய கேமராவை விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பியும், சி.டி. ஸ்கேனும் உறுதி செய்யும்.

இந்த நான்கில் பாலிப்பைத் தனியாகக் காட்டிக் கொடுப்பது வாசனை இழப்பு. "வாசனைதானே, போனா போகட்டும்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால், ருசி என்று நாம் நினைப்பதில் பெரும் பகுதி வாசனைதான். நாக்குக்கு உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு போன்ற சில அடிப்படைச் சுவைகள் மட்டுமே தெரியும். பெருங்காயம் போட்ட ரசத்துக்கும் போடாத ரசத்துக்கும் வித்தியாசம் சொல்வது மூக்குதான். சமையல் எரிவாயு கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே அதில் நாற்றமுள்ள வேதிப்பொருளைக் கலக்கிறார்கள். அந்த எச்சரிக்கை வாசனை தெரியாதவருக்குப் போய்ச் சேராது. குழம்பு அடிப்பிடிப்பதும், பால் கெட்டுப்போவதும் அப்படித்தான்.

இது ஏன் வளர்கிறது?

பலருக்கு இதற்குப் பின்னால் இருப்பது உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம். ‘டைப் 2 அழற்சி’ என்று இதைச் சொல்கிறார்கள். நம் வீடுகளில் ‘ஈசினோபிலியா’ என்று அடிக்கடி அடிபடும் பெயருக்குக் காரணமான ஈசினோஃபில் என்ற வெள்ளையணுக்கள் இதில் முக்கியப் பங்கு வகிக்கின்றன. இன்டர்லூக்கின்-4, 5, 13 என்ற புரதங்கள் தகவல் அனுப்ப, இந்த அணுக்கள் சைனஸ் சவ்வில் வந்து குவிகின்றன. சவ்வு வீங்குகிறது, சளி கெட்டியாகிறது, பாலிப் வளர்கிறது.

எல்லா பாலிப்பும் இந்த வகை இல்லை. சீனா, கொரியா போன்ற ஆசிய நாடுகளில் ஈசினோஃபில் அதிகம் இல்லாத பாலிப்பும் கணிசமாகக் காணப்படுகிறது. அதனால், எடுத்த சதையை பயாப்சிக்கு அனுப்புவது சம்பிரதாயம் இல்லை. அது எந்த வகை என்று தெரிந்தால்தான் அடுத்த மருந்தை முடிவு செய்ய முடியும்.

மூக்குக்கும் நுரையீரலுக்கும் என்ன சம்பந்தம்?

மூக்கில் தொடங்கி நுரையீரல் வரை போவது ஒரே காற்றுப் பாதை. மேலே மூக்கில் பாலிப்பை உண்டாக்கும் அதே டைப் 2 அழற்சி, கீழே மூச்சுக்குழாயில் ஆஸ்துமாவாக வெளிப்படும். பாலிப் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் வரை ஆஸ்துமாவும் இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. மூக்கைக் கவனிக்காவிட்டால் ஆஸ்துமாவைக் கட்டுப்படுத்துவது கஷ்டம். ஆஸ்துமாவைக் கவனிக்காமல் மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்வது ஆபத்து.

ஆனால், நடைமுறையில் என்ன நடக்கிறது? மூக்குக்கு ஒரு டாக்டர், வீசிங்குக்கு இன்னொரு டாக்டர். இருவருக்கும் தனித்தனி ஃபைல். இன்ஹேலர் எடுப்பதை இ.என்.டி. மருத்துவரிடம் சொல்ல மறந்துவிடுகிறோம். மூக்கில் ஏற்கெனவே ஆபரேஷன் ஆனதை நுரையீரல் மருத்துவரிடம் சொல்வதில்லை. "அது வேற, இது வேற" என்ற நினைப்புதான் காரணம்.

ஒரு தலைவலி மாத்திரை ஆபத்தாகுமா?

ஆகும், சிலருக்கு. பாலிப், ஆஸ்துமா இரண்டும் இருக்கும் சிலருக்கு ஆஸ்பிரின், ஐபூபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி நிவாரணிகள் ஒத்துக்கொள்ளாது. மாத்திரை போட்ட அரை மணி முதல் 3 மணி நேரத்துக்குள் மூக்கு அடைத்து, கண் சிவந்து, இழுப்பு தொடங்கும். சிலருக்கு அது உயிருக்கே ஆபத்தாக முடியும். மது குடித்தாலும் மூக்கடைப்பும் இழுப்பும் வருவதாக இவர்களில் பலர் சொல்வதுண்டு.

இந்தக் கூட்டணியை 1922-லேயே பிரான்ஸில் ஃபெர்னான் விடால் குழுவினர் பதிவு செய்தார்கள். டைஃபாய்டுக்கு எடுக்கும் ‘விடால் டெஸ்ட்’ இவர் பெயரில்தான் இருக்கிறது. அது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 1968-ல் அமெரிக்காவில் மேக்ஸ் சாம்டரும் ரோலண்ட் பியர்ஸும் விரிவாக எழுதிய பிறகுதான் ‘சாம்டர்ஸ் டிரையட்’ என்ற பெயர் நிலைத்தது. ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் சுமார் 7 சதவீதம் பேருக்கும், கடுமையான ஆஸ்துமா உள்ளவர்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கும் இது இருப்பதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இவர்களுக்குத்தான் பாலிப் வேகமாகத் திரும்ப வளரும். பல மருத்துவர்களின் கூட்டு இங்கே எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். மாத்திரைதான் காரணமா என்பதை அலர்ஜி நிபுணர் மருத்துவமனைக் கண்காணிப்பில் உறுதி செய்வார். நுரையீரல் நிபுணர் ஆஸ்துமாவைக் கட்டுக்குள் கொண்டு வருவார். அதன் பிறகு இ.என்.டி. அறுவை நிபுணர் சைனஸை சுத்தம் செய்வார். பொருத்தமானவர்களுக்கு, சில வாரங்கள் கழித்து மருத்துவமனையில் வைத்து ஆஸ்பிரினையே மிகச் சிறிய அளவில் தொடங்கி, படிப்படியாகக் கூட்டி, உடலைப் பழக்குவார்கள். பிறகு தினமும் ஆஸ்பிரின் எடுத்தால் பாலிப் திரும்ப வளரும் வேகம் குறையும். அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கிளினிக் மருத்துவர்கள் 1980-களில் இருந்தே வளர்த்தெடுத்த முறை இது. வயிற்றுப்புண், ரத்தக்கசிவு அபாயம் இருப்பவர்களுக்கு ஒத்துவராது. வீட்டில் முயற்சி செய்யவே கூடாது.

இதே நபருக்கு மாரடைப்பு வந்து, இதய மருத்துவர் வழக்கம் போல ஆஸ்பிரின் எழுதினால்? அதனால்தான் இந்தத் தகவல் எல்லா டாக்டருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆபரேஷன் இல்லாமல் சரியாகுமா?

பலருக்கு மருந்திலேயே கட்டுப்படும். முதல் படி, உப்புநீரால் மூக்கைக் கழுவுவது. இதற்குக் குழாய்த் தண்ணீரை நேரடியாகப் பயன்படுத்தக் கூடாது. கொதிக்க வைத்து ஆற வைத்த நீர் அல்லது காய்ச்சி வடித்த நீர் மட்டும்தான். குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவிய 2 பேர் 2011-ல் அமெரிக்காவின் லூசியானாவில் மூளையைத் தாக்கும் அமீபா தொற்றால் இறந்திருக்கிறார்கள்.

இரண்டாவது, ஸ்டீராய்டு ஸ்பிரே. ‘ஸ்டீராய்டு’ என்றதும் பயந்து பலர் பத்து நாளில் நிறுத்திவிடுகிறார்கள். இந்த ஸ்பிரேயில் ரத்தத்தில் கலக்கும் மருந்தின் அளவு மிகக் குறைவு. பலன் தெரியவே சில வாரங்கள் ஆகும். அடிக்கும் விதமும் முக்கியம். தலையை லேசாக முன்னால் குனிந்து, வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை என்று மாற்றிப் பிடித்து, நடுச்சுவரைப் பார்க்காமல் கண் இருக்கும் வெளிப்பக்கம் பார்த்து அடிக்க வேண்டும்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ‘உடனே மூக்கைத் திறக்கும்’ சொட்டு மருந்து வேறு ரகம். ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் கலந்த இவற்றை ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால், மருந்தாலேயே மூக்கு அடைக்க ஆரம்பிக்கும்.

மூன்றாவது, ஸ்டீராய்டு மாத்திரை. சில நாள்கள் எடுத்தாலே சதை சுருங்கும், வாசனை திரும்பும். நிறுத்தினால் சில வாரங்களில் பழைய நிலை. இங்கேதான் பெரிய சிக்கல். மூக்குக்காக இ.என்.டி. மருத்துவர் ஒரு கோர்ஸ், இழுப்புக்காக நுரையீரல் மருத்துவர் ஒரு கோர்ஸ், அரிப்புக்காகத் தோல் மருத்துவர் ஒரு கோர்ஸ். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்னதுதான். மொத்தக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. பிரிட்டனில் ஆஸ்துமா நோயாளிகளின் பதிவுகளை வைத்து 2018-ல் வெளியான ஆய்வு ஒன்று, வாழ்நாள் மொத்தமாக அரை கிராம் முதல் 1 கிராம் வரை ஸ்டீராய்டு சேர்ந்தாலே சர்க்கரை நோய், எலும்புத் தேய்மானம், கண்புரை போன்றவற்றின் அபாயம் கூடத் தொடங்குவதாகச் சொன்னது. அது சுமார் 4 ஷார்ட் கோர்ஸ் அளவுதான்.

அப்படியென்றால் ஆபரேஷன் எதற்கு?

மருந்தால் போதிய பலன் இல்லாதபோது எண்டோஸ்கோப்பி வழியாகச் செய்யும் சைனஸ் அறுவை சிகிச்சை உண்மையிலேயே உதவும். 1980-களில் பரவலான இந்த முறையில் முகத்தில் வெட்டு கிடையாது. மூக்கு வழியாகவே கருவியை விட்டு சதையை அகற்றி, அடைபட்ட சைனஸ் வாசலைத் திறந்துவிடுவார்கள். பக்கத்தில் கண், மேலே மூளை. நடுவில் இருக்கும் எலும்பு சில இடங்களில் காகிதம் போல மெல்லியது. அதனால்தான் ஆபரேஷனுக்கு முன்பு சி.டி. ஸ்கேன் கட்டாயம்.

ஆனால், ஆபரேஷன் என்பது கதவைத் திறந்துவிடுவது மாதிரி. கழுவும் நீரும் ஸ்பிரே மருந்தும் உள்ளே வரை போய்ச் சேர வழி கிடைக்கும். அந்த வழியைப் பயன்படுத்தாவிட்டால் பலன் நிலைக்காது. அமெரிக்காவில் 2017-ல் வெளியான ஆய்வில், ஆபரேஷன் ஆன 6 மாதத்தில் 35 சதவீதம் பேருக்கும், 18 மாதத்தில் 40 சதவீதம் பேருக்கும் எண்டோஸ்கோப்பியில் மறுபடி பாலிப் தெரிந்தது. பெல்ஜியத்தின் கென்ட் நகரில் ஒரு சிறு குழுவை 12 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், 10-ல் சுமார் 8 பேருக்குத் திரும்ப வளர்ந்திருந்தது. 10-ல் சுமார் 4 பேருக்கு மறு ஆபரேஷன் தேவைப்பட்டது. அதே ஆய்வில், பலருக்கு அறிகுறிகள் ஆபரேஷனுக்கு முன்பு இருந்ததைவிடக் குறைவாகவே இருந்தன. ஆக, ஆபரேஷன் வீண் இல்லை. ஆபரேஷனோடு எல்லாம் முடிந்தது என்று நினைப்பதுதான் தவறு.

புதிதாக வந்திருக்கும் ஊசி என்ன?

அழற்சியைத் தூண்டும் புரதங்களையே தடுக்கும் ‘பயாலஜிக்’ ஊசிகள் இவை. டுபிலுமாப் 2019-லும், ஒமாலிசுமாப் 2020-லும், மெபோலிசுமாப் 2021-லும் மூக்கு பாலிப்புக்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றன. டுபிலுமாப் ஊசியை 724 பேரிடம் பரிசோதித்த 2 ஆய்வுகள் 2019-ல் வெளியாயின. ஊசி போட்டுக்கொண்டவர்களில், தொடக்கத்தில் 4-ல் 3 பேருக்கு வாசனை அறவே தெரியவில்லை. 24 வாரங்களில் அது 10-ல் 3 பேர் அல்லது அதற்கும் கீழே குறைந்தது. ஆனால், ஊசியை நிறுத்தியவர்களுக்குப் பலன் மெல்லக் குறைந்தது. அதாவது இது நோயை வேரோடு அறுக்கும் மருந்து இல்லை. தொடர்ந்து போட வேண்டும், விலையும் அதிகம்.

அதனால்தான் யாருக்கு இது தேவை என்பதை ஒரே டாக்டர் முடிவு செய்வதில்லை. ஐரோப்பிய நிபுணர்களின் 2020 வழிகாட்டுதல், ஏற்கெனவே ஆபரேஷன் ஆகி, இரண்டு பக்கமும் பாலிப் இருப்பவருக்கு 5 விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: டைப் 2 அழற்சிக்கான ஆதாரம், அடிக்கடி ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்படுவது, அன்றாட வாழ்க்கை கடுமையாகப் பாதிக்கப்படுவது, வாசனை பெருமளவு போவது, ஆஸ்துமா. இதில் 3 இருந்தால் ஊசியை யோசிக்கலாம். ஆஸ்துமா, தோல் அழற்சி போன்றவற்றுக்கும் இந்த ஊசிகளில் சில பயன்படுவதால், பொருத்தமான ஊசியைச் சேர்ந்து தேர்ந்தெடுத்தால் ஒரே மருந்தில் இரண்டு நோயும் கட்டுப்பட வாய்ப்பு உண்டு.

எந்த நேரத்தில் எந்த டாக்டர்?

- இழுப்பு, இரவு இருமல், நெஞ்சு இறுக்கம்: நுரையீரல் நிபுணர். பாலிப் உள்ள எல்லோருமே ஒரு முறையாவது ஆஸ்துமா இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.
- வலி மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை: அலர்ஜி நிபுணர்.
- ஒரு பக்கம் மட்டும் சீழ் போன்ற சளி, துர்நாற்றம்: பல் மருத்துவர். மேல்தாடைக் கடைவாய்ப் பல்லின் வேர் சைனஸுக்கு மிக அருகில் இருக்கிறது. பல்லில் சீழ் இருந்தால் மூக்குக்கு எத்தனை மருந்து போட்டாலும் தீராது.
- கண் பிதுங்குவது, பார்வை இரட்டையாகத் தெரிவது: இ.என்.டி.யும் கண் மருத்துவரும் உடனடியாக. நம்மைப் போன்ற வெப்பமும் ஈரப்பதமும் உள்ள பகுதிகளில் அதிகம் வரும் அலர்ஜி பூஞ்சை சைனஸ் நோய், எலும்பையே அரித்துக் கண்ணைத் தள்ளும். இது 2021-ல் பேசப்பட்ட கறுப்புப் பூஞ்சை அல்ல, வேறு நோய்.
- ஆஸ்துமாவோடு கை, கால் மரத்துப்போவது, தோலில் தடிப்பு: ரத்தக்குழாய்களைத் தாக்கும் அரிய நோயாக இருக்கலாம். வாத நோய் நிபுணர்.
- குழந்தைக்கு இரண்டு பக்கமும் பாலிப்: குழந்தைகள் நல மருத்துவர். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பிறவி நோய் இருக்கிறதா என்று பார்ப்பார்.
- ஒரு பக்கம் மட்டும் சதை, ரத்தம் வருவது: தாமதிக்காமல் இ.என்.டி. கட்டி இல்லை என்பதை உறுதி செய்ய வேண்டும்.

எல்லா டாக்டரும் ஒரே இடத்தில் இல்லையென்றால்?

பெரிய மருத்துவமனைகளில் இந்த நிபுணர்கள் ஒன்றாக உட்கார்ந்து ஒரே ஸ்கேனைப் பார்த்து முடிவெடுக்க வாய்ப்பு உண்டு. எல்லா ஊரிலும் அந்த வசதி இல்லை. அந்த இடத்தில் நோயாளியின் ஃபைல்தான் டாக்டர்களை இணைக்கும் பாலம். அதில் 6 விஷயங்கள் இருந்தால் போதும். எந்தத் தேதியில் என்ன ஆபரேஷன், பயாப்சி ரிப்போர்ட், கடைசி சி.டி. ஸ்கேன், ரத்தத்தில் ஈசினோஃபில் எண்ணிக்கை, ஒத்துக்கொள்ளாத மாத்திரைகளின் பெயர், இதுவரை எடுத்த ஸ்டீராய்டு மாத்திரைகளின் கணக்கு. கடைசி இரண்டையும் போன் நோட்ஸிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் துறை டாக்டரிடம் போனாலும், அது காய்ச்சலுக்கோ பல் பிடுங்கவோ போனாலும், அதை முதலில் காட்டுங்கள்.

மூக்குச் சதை, சர்க்கரை, பி.பி. மாதிரி தொடர்ந்து கவனிக்க வேண்டிய நோய். ஒரே நாளில் வெட்டி எறிய முடியாது. ஆனால், சரியான மருந்து, தேவையான நேரத்தில் ஆபரேஷன், அதன் பிறகும் விடாத ஸ்பிரே என்று போனால் பெரும்பாலானவர்கள் நிம்மதியாக மூச்சு விடலாம், காபி மணத்தை மறுபடி உணரலாம். அடுத்த முறை ஆபரேஷன் தேதி குறிக்கும்போது, "எப்போ எடுக்கலாம்?" என்பதோடு, "எடுத்த பிறகு திரும்ப வளராம இருக்க என்ன பிளான் டாக்டர்?" என்றும் கேளுங்கள்.